நிலவழகன் பேர் இருந்த தாள்

அத்தியாயம் 11

கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டர் சென்டரில் காலை பத்து மணிக்கே கரண்ட் போய்விட்டது. பத்தே முக்காலுக்குத்தான் வந்தது. அதுவரை அன்புச்செல்வி பிளாஸ்டிக் நாற்காலியில், ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சென்ற வாரம் பார்த்தோமே, திருச்சியில் ஒரு வருஷம் இ.எம்.டி. படித்து, முதல் வகுப்பில் தேறி, யாருக்கும் ஒரு மிட்டாய்கூட வாங்காமல் பஸ் ஏறி வந்தாளே, அதே செல்விதான். இ.எம்.டி. என்றால் ஆம்புலன்ஸில் டிரைவரோடு வருகிற மருத்துவ உதவியாளர். ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவரை முதலில் தொடுகிற கை அவருடையது. திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அந்த வேலைக்கு நாளைக் காலை இன்டர்வியூ. பயோடேட்டாவை நேரில் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

சென்டர் வைத்திருக்கும் புவனேஸ்வரி, கீரனூர்ப் பிள்ளைகள் பாதிப் பேருக்குப் பயோடேட்டா அடித்துக் கொடுத்தவள். பேர், அப்பா பேர், மார்க், தெரிந்த மொழி என்று தறி ஓட்டுவதுபோல விரல் ஓடும்.

"அனுபவம்?"

"ஒண்ணும் இல்லக்கா. ஃப்ரெஷர்னு போடுங்க."

"குறிக்கோளு நானே போட்டுர்றேன். புகழ்பெற்ற நிறுவனத்தில் பணியாற்றி, நிறுவனத்தோடு சேர்ந்து வளர விரும்புகிறேன். பியூட்டி பார்லருக்கும் அதான், பேங்க்குக்கும் அதான். ஒருத்தரும் இதுவரைக்கும் குத்தம் சொன்னதில்ல."

செல்வி செல்போனை நீட்டினாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் அனுப்பிய செய்தியில் கடைசி வரி இருந்தது. இந்த வேலைக்கு ஏன் வருகிறீர்கள் என்று உங்கள் சொந்த வார்த்தையில் சில வரிகள் எழுதி வரவும்.

"அடேங்கப்பா! சொந்த வார்த்தையாமுல்ல. சரி, நீ தமிழ்ல சொல்லு. நான் இங்கிலீஸ்ல அடிக்கிறேன்."

செல்வி சுவரைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தாள். பரீட்சைக்கு ஒப்பிப்பதுபோல ஒரே குரலில் சொன்னாள்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி எங்கண்ணன் நிலவழகன், வைக்கோல் ஏத்துன டிராக்டர் மேலேருந்து மல்லாக்க விழுந்துட்டான். நெனவு இருந்துச்சு. பேசுனான். கை காலெல்லாம் மரத்துப்போன மாதிரி இருக்குன்னு சொன்னான். எங்கப்பாவும் பக்கத்து வீட்டு அண்ணனும் அவனைத் தூக்கி, பைக்ல நடுவுல ஒக்கார வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. போற வழியிலயே மூச்சு நின்னுபோச்சு. கழுத்தெலும்பு முறிஞ்சவங்களை ஒக்கார வைக்கவே கூடாது, கழுத்து அசையாம பலகையில படுக்க வச்சுத்தான் தூக்கணும்னு படிக்கப் போன எடத்துலதான் எனக்குத் தெரிஞ்சுது. அன்னைக்கு யாரோ போன் போட்டு, பதினோரு நிமிசத்துல ஆம்புலன்ஸ் எங்க களத்துக்கு வந்துருக்கு. அப்ப அங்க எங்கண்ணன் இல்ல. எங்க வீட்டுல ஒருத்தருக்காச்சும் தெரிஞ்சிருந்தா அவன் இருந்திருப்பான். அடுத்த வீட்டுக்கு அந்த ஒரு ஆளா நான் போகணும்."

புவனேஸ்வரியின் விரல் எப்போதோ நின்றுவிட்டது. துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.

நம்ம பக்கத்தில் அடிபட்டவனைப் பார்த்தால் யாருக்காவது கை சும்மா இருக்குமா? தூக்கு, நடுவில் வை, பின்னால் ஒருத்தன் ஏறிப் பிடித்துக்கொள், விடு வண்டியை! அதுதான் நமக்குத் தெரிந்த வைத்தியம். எத்தனை வேகமாகப் போகிறோமோ அத்தனை பாசம் என்று நினைத்துக்கொள்கிறோம். பெற்றவன் மனசு அந்த நேரத்தில் போனைப் போட்டுவிட்டுக் காத்திருக்குமா? நான் யாரைக் குறை சொல்ல!

தாள் பிரின்டரிலிருந்து சூடாக வந்தது. செல்வி வாசித்தாள். 'என் தந்தை' என்ற இடத்தில் கண் நின்றது. அங்கேயே நின்றது.

"அக்கா, இது வேணாம். அந்த ரெடிமேடையே போட்டு இன்னொண்ணு அடிங்க."

"கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு? இதைப் படிச்சா அந்த நிமிசமே வேலை குடுத்துருவாங்க."

"குடுப்பாங்க. எங்கப்பா சந்தோசத்துல இந்தத் தாளை ஊரெல்லாம் காட்டுவாரு. இங்கிலீஸ் தெரிஞ்சவங்க யாராச்சும் ஒருத்தர் வாசிச்சுச் சொல்லிட்டா?" செல்வியின் குரல் இறங்கியது. "மகனைக் காப்பாத்த ஓடுனோம்னு நெனச்சுக்கிட்டுத்தான்கா அவரு நடமாடிக்கிட்டு இருக்காரு. ஒக்கார வச்சதுனாலதான் போயிட்டான்னு தெரிஞ்சா எங்கப்பா எனக்கு இருக்க மாட்டாரு. இது அவருக்குத் தெரியவே கூடாது."

புவனேஸ்வரி இரண்டாவது தாளை அடித்தாள். முதல் தாளைக் கிழிக்கப்போன செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்டி. ரெண்டையும் கொண்டுபோ. நாளைக்கு அங்க போயி மனசு மாறுனாலும் மாறும்."

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக்கொண்டு இரண்டு தாளையும் ஒரே ஃபைலில் போட்டாளே, அதுதான் செல்வி அன்றைக்குச் செய்த தப்பு.

* * *

வீட்டில் அம்மா செவந்தி முறத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் உடைக்கிற சத்தம் கூடியது.

"எழுதியாச்சா?"

"எழுதியாச்சும்மா."

"ரத்தமும் ஓலமுமா தெனம் பாக்குறதுக்கு ஒரு பயோடேட்டா. ஏண்டி, டீச்சர் வேலை இல்லையா, கம்ப்யூட்டர் வேலை இல்லையா? ஒரு தடவை நான் பாத்தது பத்தாதா?"

ஒரு வருஷமாக இதே கேள்வி. மகள் இந்தப் படிப்புக்குப் போகக்கூடாது என்று செவந்தி இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தபோது, "அவ போகட்டும்" என்று ஒற்றை வார்த்தையில் முடித்து வைத்தவர் அப்பா கண்ணுசாமிதான். ஏன் என்று அவரும் சொன்னதில்லை, இவளும் கேட்டதில்லை.

கண்ணுசாமி வயலிலிருந்து வந்தார். கை கால் கழுவினார். கழுவிய கையை வேட்டியில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டு, "குடு ஆத்தா, பாப்போம்" என்றார்.

செல்வி இரண்டாவது தாளை எடுத்துக் கொடுத்தாள். ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, கைக்குழந்தையை வாங்குவதுபோல வாங்கினார்.

"எம்பேரு எங்கிட்டு இருக்கு?"

தொட்டுக் காட்டினாள். அவர் முகம் மலர்ந்தது. பிறகு கண்ணை மேலும் கீழும் ஓட்டித் தேடினார்.

"அழகன் பேரு போடலயா?"

"அண்ணன் பேரெல்லாம் இதுல கேக்க மாட்டாங்கப்பா."

"சரி சரி. கேக்காததை எதுக்குப் போடணும்." தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனார்.

அங்கேதான் நிலவழகனின் பைக் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. அந்த நாளுக்குப் பிறகு கண்ணுசாமி எந்த வண்டியையும் ஓட்டியதில்லை. யாராவது கூப்பிட்டால் பின்னால் ஏறிப்போவார், அவ்வளவுதான். ஆனால் தினமும் ஒரு தடவை தார்ப்பாயைத் தூக்கி, முன் மட்கார்டில் மகன் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் துடைப்பார். நிலவழகன் என்று இங்கிலீஷில் பெரிய எழுத்து. ஏ பி சி டி வரிசையாகச் சொல்லத் தெரியாத மனுஷனுக்கு, அந்தப் பன்னிரண்டு எழுத்து மட்டும் எங்கே கண்டாலும் தெரியும்.

மத்தியானம் குளித்துவிட்டு வந்து, செல்வி இன்டர்வியூவுக்கான வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். அங்கேதான் அயர்ன் பாக்ஸ் உண்டு. பங்காளி வீடு. தமிழ்செல்வன் துபாயில் கிரேன் ஓட்டுகிறான், இரண்டு மாத லீவில் வந்திருக்கிறான். அவன் மனைவி அருணா டேபிளைத் துடைத்துக் கொடுத்தாள்.

அன்றைக்கு வண்டியில் நிலவழகனுக்குப் பின்னால் ஏறி அவனைப் பிடித்துக்கொண்டு போனானே, அந்தப் பக்கத்து வீட்டு அண்ணன் இந்தத் தமிழ்செல்வன்தான்.

சட்டையின் ஒரு கை முடிந்து மறு கை தேய்க்கும்போது அருணா சொன்னாள். "ஒங்கண்ணன் இப்பத்தான் மாமாவை ஏத்திக்கிட்டுக் கெளம்புனாரு. குடுமியான்மலைக்கு. நாலு மணிக்கு நடை தெறக்குமாம்."

"எதுக்கு அண்ணி?"

"ஒன் பயோடேட்டாவைச் சாமி பாதத்துல வச்சு எடுத்துட்டு வரத்தான். மாமா முகத்துல என்னா சிரிப்புங்குற! ரெண்டு வருசத்துல நான் பாக்கல."

அயர்ன் பாக்ஸை அப்படியே நிமிர்த்தி வைத்துவிட்டுச் செல்வி ஓடினாள். ஃபைலைப் பிரித்தாள். ஒரு தாள்தான் இருந்தது. ரெடிமேட் தாள்.

"அம்மா, அப்பா எந்தத் தாளை எடுத்தாரு?"

"ரெண்டு இருந்துச்சு. ரெண்டையும் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. ஒண்ணுல அழகன் பேரு இருக்குன்னு சொல்லிக் கண்ணைத் தொடச்சுக்கிட்டாரு. 'புள்ள கூச்சப்பட்டுக்கிட்டு எங்கிட்ட காட்டாம வச்சிருக்கா செவந்தி, அண்ணன் பேரைப் போட்டுத்தான் எழுதியிருக்கா'ன்னாரு." செவந்தி முறத்திலிருந்து நிமிர்ந்தாள். "ஏன், அதுல என்ன இப்ப? எந்தத் தாளா இருந்தா என்ன, சாமிக்குத் தெரியாத இங்கிலீஸா?"

செல்வி ஃபைலைக் கீழே போட்டாள். அம்மாவிடம் என்னவென்று சொல்வாள்? திரும்ப அருணா வீட்டுக்கு ஓடி ஸ்கூட்டிச் சாவியைக் கேட்டு வாங்கினாள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த தமிழ்செல்வன் போனை எடுக்கவில்லை. அப்பாவுக்குப் போட்டாள். கொட்டகை ஆணியில் மாட்டியிருந்த அவர் சட்டைப் பைக்குள்ளேயே மணி அடித்தது.

* * *

குடுமியான்மலையில் நடை திறந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. கூட்டம் இல்லை. குருக்கள் தாளை வாங்கிச் சிகாநாதர் பாதத்தில் வைத்து, அர்ச்சனை செய்து, நாலு மூலையிலும் குங்குமம் தொட்டு, மேலே ஒரு அரளிப்பூவையும் வைத்துக் கொடுத்தார்.

"என்ன உத்தியோகம்?"

"ஆம்புலன்சுல சாமி. உசிரக் காப்பாத்துற வேலை. எம்மகளுக்கு." கண்ணுசாமி கடைசி வார்த்தையை அழுத்திச் சொன்னார்.

வெளி மண்டபத்தில் ஒரு தூணடியில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். கண்ணுசாமி பூவை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு தாளைத் தமிழ்செல்வனிடம் நீட்டினார்.

"தமிழு, நீ துபாய்ல இங்கிலீஸ் பேசுறவன்தான. இந்தா, இங்கிட்டு அழகன் பேரு வருது பாரு. இந்த எடத்தை மட்டும் வாசிச்சுச் சொல்லுய்யா. அவளைக் கேட்டா வெக்கப்படுவா."

"அதுக்கென்ன பெரியப்பா, குடுங்க." அவன் சிரித்துக்கொண்டேதான் வாங்கினான்.

முதல் வரி வாசித்தான். இரண்டாவது வரி. மூன்றாவது வரியில் 'பக்கத்து வீட்டு அண்ணன்' வந்தது. அதற்கப்புறம் அவன் உதடு அசையவில்லை. கண் மட்டும் கீழே போனது, மேலே வந்தது, மறுபடி கீழே போனது.

தான் இறுக்கிப் பிடித்திருந்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டதும், நண்பனின் தலை ஒரு பக்கம் சாய்ந்ததும், 'புடிச்சிருக்கேன்டா, பயப்படாத' என்று அவன் காதில் சொன்னதும் ஞாபகம் வந்தது. அதை நினைத்து இத்தனை நாள் ஆறுதல் பட்டுக்கொண்டிருந்தான். கடைசி வரைக்கும் என் கையில்தானே இருந்தான் என்று துபாய் ரூமில் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறான்.

"என்னய்யா எழுதியிருக்கா?"

"அது வந்து பெரியப்பா... எங்கண்ணன் நிலவழகன்னா எனக்கு உசிரு. அவன் போனப்புறம் எங்கப்பாதான் எனக்குத் தைரியம் சொல்லிப் படிக்க வச்சாரு. அவங்க ரெண்டு பேரு நெனப்புலதான் இந்த வேலைக்கு வாரேன். இப்படித்தான் எழுதியிருக்கா."

"அம்புட்டுதானா? நெறைய வரி இருக்கே?"

"இங்கிலீஸ்ல அப்படித்தான் பெரியப்பா. இழுத்து இழுத்து எழுதுவாங்க."

தாளைத் திருப்பிக் கொடுத்தான். கண்ணுசாமி தாளைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்தார். பிறகு காதிலிருந்த பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

செல்வி மூச்சிரைக்க உள்ளே வந்தபோது அப்பா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "வா ஆத்தா. நீ எதுக்கு இம்புட்டுத் தொலவு வந்த?" என்றார். அவளுக்கு அப்போதுதான் பாதி உயிர் வந்தது. தமிழ்செல்வனைத் தேடினாள். வெளியே வண்டி நிறுத்திய இடத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, அப்பாகிட்ட வாசிச்சியா?"

"வாசிச்சேன். பொய் சொல்லிட்டேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது." அவன் திரும்பவில்லை. "நெசமா செல்வி? படுக்க வச்சிருந்தா இருந்திருப்பானா?"

ஆமாம் என்றால் பாவம், இல்லை என்றால் பொய்.

"தெரியலண்ணே. படுக்க வச்சிருந்தாலும் போயிருக்கலாம். கழுத்து அடியில எதையும் உறுதியாச் சொல்ல முடியாது."

"எழுதுனப்ப உறுதியாத்தான எழுதியிருக்க."

"அண்ணே, ஒங்க யாருக்கும் தெரியாதுண்ணே. எனக்கே தெரியாது. நான் அன்னைக்கு அங்க இருந்தா நானும் ஒக்காரத்தான் வச்சிருப்பேன்."

"நான்தான புடிச்சிருந்தேன்," என்றான் தமிழ்செல்வன். "பெரியப்பா வண்டி ஓட்டுனாரு. கழுத்து என் கையிலதான இருந்துச்சு." வண்டியை ஸ்டார்ட் செய்தான். "நீ பெரியப்பாவைக் கூட்டிட்டு வா."

அவள் கூப்பிடக் கூப்பிட நிற்காமல் போய்விட்டான்.

* * *

ஸ்கூட்டியில் அப்பா பின்னால் உட்கார்ந்தார். தாள் இருந்த கவர் அவர் மடியில். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் தைலமரக் காடு. கொஞ்ச தூரம் போனதும் அவர் மெதுவாகச் சொன்னார்.

"வீட்டுக்குத் திரும்பாத ஆத்தா. நேரா கீரனூர் போ."

"எதுக்குப்பா?"

"தமிழு பொய் சொல்லிட்டான். பாவம், பொய் சொல்லத் தெரியாத பய. கிரேன் ஓட்டுற கை, அப்படி நடுங்குது."

செல்வி ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தாள்.

"அந்தத் தாள்ல நீ என்ன எழுதியிருப்பேன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒக்கார வச்சுக் கொண்டுபோனதைத்தான எழுதியிருக்க?"

"அப்பா..."

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டு. அன்னைக்கு ஆஸ்பத்திரியில டாக்டரம்மா, 'ஒக்கார வச்சா கொண்டாந்தீங்க?'ன்னு கேட்டாங்க. அம்புட்டுதான். வேற ஒண்ணும் சொல்லல, மொகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. எனக்குப் புரியறதுக்கு அது போதாதா? தமிழு அப்ப சீட்டுப் பதியிற எடத்துல நின்னான். அவன் காதுல விழல."

இரண்டு வருஷம்! அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று மகள் மறைத்ததை, யாருக்குமே தெரியக்கூடாது என்று அப்பா மறைத்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே சோற்றுப் பானையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு.

"அம்மா சாப்பிடாம கெடந்தப்பகூட, 'அவ போகட்டும்'னு ஏன்ப்பா சொன்னீங்க? அங்க போனா எனக்குத் தெரிஞ்சுருமேன்னு நெனைக்கலையா?"

"தெரிஞ்சுக்குவேன்னுதான் ஆத்தா அனுப்புனேன். நம்ம வீட்டுல ஒருத்தராச்சும் தெரிஞ்சுக்கட்டும்னு. அப்புறம் நீ என்னை வெறுத்தாலும் சரின்னு."

அவள் முதுகில் அப்பாவின் நெற்றி வந்து சாய்ந்தது. அண்ணனின் தலையும் அப்பாவின் முதுகில் இப்படித்தான் சாய்ந்திருக்கும். சட்டென்று பிரேக்கைப் பிடித்து வண்டியை ஓரத்தில் நிறுத்தித் திரும்பினாள்.

"அப்பா! அப்பா, என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல ஆத்தா. ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்." அவர் அழுதுகொண்டிருந்தார். மகன் செத்த வீட்டில், பந்தலில், பதினாறாம் நாளில், எங்கேயும் சத்தம் போட்டு அழாத மனுஷன், தைலமரக் காட்டு ஓரத்தில் வாய்விட்டு அழுதார். "தமிழுக்கு அப்பக் கல்யாணமாகி மூணு மாசம். அவந்தான பின்னாடி ஏறிப் புடிச்சான். அவனுக்குத் தெரிஞ்சா அவன் பொழைக்க மாட்டான்னு ரெண்டு வருசமா பொத்திப் பொத்தி வச்சிருந்தேன். இன்னைக்கு எங்கையாலயே அவங்கிட்ட குடுத்து, வாசிய்யான்னு சொல்லிட்டேனே. நான் என்ன மனுசன்!"

செல்வி அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நாடி பார்க்கப் படித்த விரல் அது. என்ன செய்வதென்று தெரியாமல் நாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

* * *

புவனேஸ்வரி கடையைச் சாத்தக் கிளம்பியிருந்தாள். குங்குமம் பூசிய தாளையும் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டாள்.

"அம்மா," என்றார் கண்ணுசாமி, "காலையில எழுதுனதையே போடுங்க. அதுல பக்கத்து வீட்டு அண்ணன்னு ஒண்ணு இருக்குமுல்ல, அதை மட்டும் எடுத்துருங்க. எங்கப்பா கொண்டுபோனாருன்னு இருக்கட்டும்."

"அப்பா, பயோடேட்டாவுல பொய் எழுதக் கூடாதுப்பா."

"பொய்யில்ல. தூக்குன்னு சொன்னவன் நான். ஒக்கார வையின்னு சொன்னவன் நான். கை கால் மரத்துருச்சுப்பான்னு அவன் சொன்னதைக் கேட்டுட்டு, பயத்துல அப்படித்தாண்டா இருக்கும்னு சொன்னவனும் நான்தான். தமிழு நான் சொன்னதைச் செஞ்ச புள்ள."

புவனேஸ்வரி செல்வியைப் பார்த்தாள். செல்வி கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள். சில எழுத்துகள் அழிந்தன. வரி கொஞ்சம் சுருங்கியது. புதுத்தாள் வந்தது.

எல்லாப் பயோடேட்டாவிலும் கடைசியில் ஒரு வரி இருக்கும் அல்லவா, மேலே சொன்ன விவரங்கள் அனைத்தும் உண்மை என்று? அதன் கீழே செல்வி கையெழுத்துப் போட்டாள். கண்ணுசாமி தாளை வாங்கி, மகன் பேர் இருந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதன்மேல் விரல் படாமல் பார்த்தார்.

அப்போது போன் அடித்தது. வீட்டிலிருந்து அம்மா. செல்வி எடுத்தாள்.

"எங்கடி இருக்கீங்க? தமிழு வந்து வாசல்ல நிக்கிறான். உள்ள வாய்யான்னா வர மாட்டேங்குறான். எங்காலைப் புடிக்க வாரான். என்னை மன்னிச்சுரு பெரியம்மா, என்னை மன்னிச்சுருன்னு ஒரே அழுக. எதுக்குடி அவன் எங்கிட்ட மன்னிப்புக் கேக்குறான்? என்னடி ஆச்சு?"

அந்த வீட்டில் இன்னும் தெரியாத ஒரே ஆள் அம்மாதான்.

கண்ணுசாமி மகள் கையிலிருந்து போனை வாங்கினார். குரல் தெளிவாக இருந்தது.

"செவந்தி, அவனை உள்ள கூப்புட்டு ஒக்கார வை. மொதல்ல ஒரு வாய் சோறு போடு. அவன் எது சொன்னாலும் காதுல வாங்காத. அவன் ஒரு தப்பும் பண்ணல. பண்ணுனது யாருன்னு நான் வந்து சொல்றேன்."